பாட்டு கட்ட ஆர்மனி: கிரேடா, நம்பரா, காதா?

கீபோர்டில் ஐந்து கிரேடு (தேர்வுப் படிகள்) முடித்த பிள்ளையிடம், "நீயே முணுமுணுத்த மெட்டுக்கு கார்ட் போடு" என்று சொல்லிப் பாருங்கள். கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்; கார்டுகளை அடுக்கும் கலைதான் ஆர்மனி. பல பேருக்குக் கை நின்றுவிடும். படிப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. அது வேறு வேலைக்கான படிப்பு. ஆர்மனி கற்க மூன்று வழிகளைப் பார்ப்போம்: கிரேடு தேர்வு, நம்பர் முறை, காது.

1889-இல் லண்டனில் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற இசைத் தேர்வு வாரியத்தில், 5-ஆம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான ஒன்றோ தேறாமல் வாசிப்பில் 6-க்குப் போக முடியாது. டிரினிட்டி என்ற இன்னொரு தேர்வு வாரியத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வழியில் நொட்டேஷன் (எழுதிய இசைக் குறிப்பு) படிக்க நன்றாக வரும். மேல் கிரேடுகளில் நான்கு குரலுக்கு எழுதும்போதுதான் சிக்கல். இரண்டு குரல்கள் ஸ–ப இடைவெளியிலேயே சேர்ந்து நகரக் கூடாது என்பார்கள். ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்க வேண்டிய கோரஸுக்கு அது நியாயமான விதி. ராக் கிட்டாரின் பவர் கார்டோ ஸவும் பவும் மட்டும்தான். அப்படியே இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் கட்டங்கள்) நகர்த்தினால் விதி உடையும், ராக் பிறக்கும்.

நம்பர் முறை 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் ஸ்டுடியோக்களில் வந்தது. எல்விஸுக்குப் பின்னணி பாடிய ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மாத்யூஸ் தொடங்கிவைத்தார். ஸ-வை 1, ப-வை 5 என்று எண்ணி, அந்தந்த ஸ்வரத்தின் மேல் நிற்கும் கார்டுகளை 1–5–6 மைனர்–4 என்று எழுதிவிட்டால், ஒரு கட்டையில் அது சி, ஜி, ஏ மைனர், எஃப். பாடகருக்கு இரண்டு கட்டை வேண்டுமென்றால் டி, ஏ, பி மைனர், ஜி. தாளை மாற்ற வேண்டாம். சரிகம பாடிப் பழகியவருக்கு இது பிறந்த வீடு மாதிரி: எந்தக் கட்டையிலும் ஸ ஸதானே! பாட்டு கட்ட வருகிறவர்களை நான் முதலில் இங்கேதான் உட்கார வைப்பேன்.

காதால் பிடிப்பது மூன்றாவது. காசு செலவில்லை, பொறுமை நிறைய வேண்டும். பீட்டில்ஸில் லென்னனுக்கும் மெக்கார்ட்னிக்கும் நொட்டேஷன் படிக்கத் தெரியாது. 1960 முதல் ஹாம்பர்க் கிளப்புகளில் இரவு முழுக்க அடுத்தவர் பாட்டுகளை வாசித்தே தேறினார்கள். சி, பி ஃபிளாட், எஃப், சி என்று சுற்றும் பாட்டில் அந்த பி ஃபிளாட், சி மேஜர் ஸ்கேலுக்கு (நம் சங்கராபரணம்) வெளியே நிற்கும். பாடம் மட்டும் படித்தவர் அங்கே தடுமாறுவார். காது பழகியவருக்கு அது ஹரிகாம்போதியின் கைசிகி நிஷாதம், அவ்வளவுதான்.

காது வழியை நம்பர் வழியோடு சேர்த்தே செய்ய வேண்டும். தினம் ஒரு பாட்டு, முதலில் பேஸ் (அடியில் ஒலிக்கும் ஸ்வரம்) மட்டும்.

அப்படியானால் கிரேடு எதற்கு? நம்பர் தாள் கார்டைச் சொல்லும். ஒரு கார்டின் எந்த ஸ்வரம் அடுத்த கார்டின் எந்த ஸ்வரத்துக்குப் போகிறது என்று சொல்லாது. அதை நான்கு குரல் பயிற்சிதான் கையில் ஏற்றும். சிக்குப் பிறகு ஜி வரும்போது பேஸில் ஜி வைக்காமல் பி வையுங்கள். அடுத்து ஏ மைனர். பேஸ் சி, பி, ஏ என்று படிப்படியாக இறங்கும். கார்டுகள் அதே கார்டுகள்தான். மெட்டு மட்டும் திடீரென்று ஈரமாகிவிடும்.