வாடகை பாக்கி: வீட்டைக் கேட்கும் நோட்டீஸா, பணத்தைக் கேட்கும் நோட்டீஸா?

திருச்சியில் எங்கள் கீழ்வீட்டு வாடகை மாதக்கணக்கில் நின்றுபோனபோது ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். அவற்றில் பணத்தைக் கேட்டு அனுப்பும் ஒரு மாத நோட்டீஸைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மோட்டாரை நிறுத்து, ஃபியூஸைப் பிடுங்கு, பூட்டைப் போடு என்பது தெருவில் எல்லோரும் சொல்லும் யோசனை. அந்தப் பக்கமே போக வேண்டாம். குடியிருப்பவருக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் காலையில் குழாயை அடைப்பது எனக்கு மனதுக்கும் ஒப்பவில்லை. போலீஸுக்குப் போனாலும் 'இது சிவில் விவகாரம் சார்' என்றுதான் பதில் வரும்.

மிச்சம் இருப்பவை இரண்டு நோட்டீஸ்கள். பழையது, 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 106வது பிரிவில் அனுப்பும் 15 நாள் நோட்டீஸ். இந்தத் தேதியோடு உங்கள் குடியிருப்பு முடிகிறது, வீட்டை ஒப்படையுங்கள் என்று எழுதினால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. அதற்கும் மசியாவிட்டால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு இன்றும் இதுதான் வழி. பக்கத்து ஊரில் என் சித்தப்பா இதைத்தான் செய்தார்.

நகரத்தில் நிலைமை வேறு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், தமிழ்நாடு அரசு 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவரை வெளியேற்ற வேண்டுமென்றால் அதன் 21வது பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றைக் காட்டி ரென்ட் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வாடகை பாக்கி அந்தக் காரணங்களில் ஒன்று. இரண்டு மாத வாடகை நின்றிருக்க வேண்டும். பணத்தைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதும் கட்டாமல் விட்டிருக்க வேண்டும். கட்டிவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்ற முடியாது.

'அப்போ அவன் கட்டிட்டு உக்காந்துக்குவானே' என்று என் மைத்துனர் இதைக் குறையாகச் சொன்னார். எனக்கு இதுதான் பெரிய நிறையாகப் பட்டது. குடும்பம் நல்ல குடும்பம், வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள், வேலை போனதால் தடுமாறியவர்கள். எனக்குத் தேவைப்பட்டது பணம். காலி செய்யச் சொன்னால் போகிற மனிதர் பாக்கியைக் கொடுப்பாரா? அப்புறம் வெள்ளையடித்து, புரோக்கருக்குக் கொடுத்து, வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களையும் நாம்தான் சுமக்க வேண்டும்.

ஆனால் இந்த நோட்டீஸ் நிற்பதும் விழுவதும் கணக்கில்தான் இருக்கிறது. நம் ஊர் வாடகைச் சண்டை எல்லாம் அட்வான்ஸில் போய்த்தான் முட்டும். 'அண்ணே, அட்வான்ஸ் உங்ககிட்டதானே இருக்கு, அதுல கழிச்சுக்கோங்க' என்றார் எங்கள் குடித்தனக்காரரும். புதிய சட்டம் வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸை வைத்துக்கொண்டு இரண்டு மாத பாக்கிக்கு நோட்டீஸ் விட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். எங்களிடம் இருந்தது மூன்று மாத அட்வான்ஸ்தான். அது வீட்டை ஒப்படைக்கும்போது சேதமும் கரண்ட் பில்லும் கழித்துத் திருப்பித் தர வேண்டிய தொகை, மாத வாடகை அல்ல என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்த வரியை அப்படியே நோட்டீஸில் எடுத்துப் போட்டோம்.

தொகையை மொத்தமாக எழுதாமல் மாதவாரியாகப் பிரித்தோம். எந்த மாதம், எவ்வளவு வாடகை, அதில் ஜிபேயில் வந்த அரைகுறைத் தொகை எவ்வளவு, என்று வந்தது, மீதி என்ன என்று ஒவ்வொரு வரியாக எழுதினோம். சப் மீட்டர் கரண்ட் பணத்தைத் தனியாகக் காட்டினோம். ஒரு மாதம் அவர் பாதி வாடகையை அம்மா கையில் கொடுத்திருந்தார். அம்மா அதைக் காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்ததால் அதையும் வரவு வைத்தோம். வாங்கிய பணத்தை விட்டுவிட்டுக் கூடுதலாகக் கேட்டிருந்தால் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அனுப்பும் முறை இரண்டு நோட்டீஸுக்கும் ஒன்றுதான், 106வது பிரிவு சொல்லும் முறை. எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும், தபாலிலோ நேரிலோ போக வேண்டும், முடியாதபோது கதவில் ஒட்டலாம். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. கவுன்டரில் கையெழுத்துச் சான்றோடு அனுப்பக் கேட்டு வாங்குங்கள். 'வாங்க மறுத்தார்' என்று உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள், அது சாட்சி.

எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அதிகாரியான ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிவு செய்திருந்தால்தான் இந்த வழி நேராகப் போகும். ஒப்பந்தமே இல்லாதவர்கள், ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்ற காரணத்தை வைத்து மனு போடுவதாக எங்கள் வக்கீல் சொன்னார்.

எங்கள் குடித்தனக்காரர் அந்த ஒரு மாதம் முடிவதற்குள் தன் மனைவியின் நகையை அடகு வைத்து முழுத் தொகையையும் கட்டினார். அதனால் ரென்ட் கோர்ட்டில் மனு எப்படி நகரும், உத்தரவு வாங்கி வீட்டை எடுக்க எத்தனை வாய்தா ஆகும் என்பதெல்லாம் என் அனுபவத்துக்கு வெளியே இருக்கிறது. பணம் வந்த அன்றே, எந்தத் தேதி நோட்டீஸுக்காக எந்த மாதங்களின் வாடகை என்று எழுதி ரசீது கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வாடகை வருகிறது, நானும் அன்றே ரசீது கொடுத்துவிடுகிறேன்.