முட்டை போட்ட ஜோடி என்று சொல்லி இரண்டு பெண் மீன்களை என் தலையில் கட்டிவிட்டார்கள்

நேற்று ராத்திரிதான் செத்த மீனைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். ஜோடி மீன் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடல் மீன் மட்டும் விற்கும் ஓர் இணையக் கடை. பெயர் சொல்லப் போவதில்லை. அதில் மரூன் க்ளவுன் மீன்களை (வெள்ளைப் பட்டை போட்ட கருஞ்சிவப்புக் கடல் மீன்) "முட்டை போட்ட ஜோடி", அதாவது ஏற்கெனவே சேர்ந்து முட்டை போட்ட ஆணும் பெண்ணும், என்று போட்டிருந்தார்கள். விலை என் அரை மாதச் சம்பளம். தனித்தனியாக இரண்டு மீன் வாங்கினால் அதில் கால்வாசி ஆகாது. மீதி முக்கால்வாசியை "ஜோடி" என்ற ஒரு சொல்லுக்குத்தான் கொடுத்தேன்.

அந்தச் சொல்லுக்கு ஏன் அவ்வளவு விலை என்றால், க்ளவுன் மீனில் பிறவியிலேயே பெண் என்று எதுவும் கிடையாது. எல்லாம் முதலில் ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் சிறிசாகத்தான் இருக்கும். கூட்டத்தில் பெரியதும் அடாவடியுமான ஒன்று பெண்ணாக மாறும், அதற்கு அடுத்தது ஆணாக நிற்கும். பெண் செத்தால் அந்த ஆண் பெண்ணாகிவிடும். ஆனால் ஒருமுறை பெண்ணானது திரும்பி ஆணாகாது. இது ஒன்றும் புதுச் செய்தியில்லை. ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் 1977-லேயே நேச்சர் இதழில் எழுதிவிட்டார்கள். ஆக, ஒரே தொட்டியில் இரண்டு பெண்களை விட்டால் ஒன்று சாகும் வரை அடங்காது. அதிலும் மரூன் வகைதான் க்ளவுன்களிலேயே பெரிய ரவுடி. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏமாந்தேன்.

வாங்குவதற்கு முன் ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஒரு ஓட்டின் மேல் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். சின்ன மீன் துடுப்பால் விசிறி, வாயால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தது. பெரியது கேமராவை முட்ட வந்தது. அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பிறகு நான் வாங்கப்போகும் மீன்களின் படம் கேட்டேன். படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. "ஆண் இவ்வளவு பெருசா இருக்குமா?" என்று கேட்டேன். "அது பழைய வீடியோ சார். இப்ப ஆண் நல்லா சாப்பிட்டு வளந்துடுச்சு" என்றார் கடைக்காரர். அந்த இடத்தில் போனை வைத்திருக்க வேண்டும். பெண்ணின் அதட்டலில் ஆண் எப்போதும் சிறிதாகவே இருக்கும், அதன் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. ஆனால் மனத்தில் அந்த ஆரஞ்சு முட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. பணத்தை அனுப்பிவிட்டேன்.

மீன்கள் தனித்தனிப் பையில் வந்தன. ஜோடியைத் தனித்தனியாகக் கட்டுவது வழக்கம்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று விளக்கை அணைத்த பிறகு தொட்டியிலிருந்து டொக், டொக் என்று சத்தம். க்ளவுன் மீன் பல்லோடு பல்லை அடித்து எழுப்பும் மிரட்டல் சத்தம் அது. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டும் வாயோடு வாய் கவ்வி, ஒன்றையொன்று விடாமல் சுழன்றுகொண்டிருந்தன.

முதல் நாள் கடைக்காரர் சொன்னது: "புது இடம் சார், பழகிடும்." உண்மையான ஜோடியையே இடம் மாற்றினால் சில நாள் உரசல் வரும், அதனால் நம்பினேன். இரண்டாம் நாள் சின்னதின் வால் பாதி இல்லை. "முட்டை போடப் போகுது சார், அந்த நேரத்துல பெண் ஆவேசமாத்தான் இருக்கும்." இதுவும் அரை உண்மை. முட்டை போடும் நேரத்தில் பெண் மீன் ஆவேசமாகத்தான் இருக்கும். பக்கத்தில் வரும் மீனைக் கடிக்கும், கையை விட்டால் ரத்தம் வரக் கடிக்கும். ஆனால் அந்தக் கோபம் வெளியாள் மேல். துணையிடம் கொஞ்சம் அதட்டல் இருக்கும். ஆண் உடனே பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று நடுக்கிக் காட்டும், "நான் உனக்கு அடங்கினவன்" என்று. அதோடு விஷயம் முடிந்துவிடும். என் தொட்டியில் அந்த நடுக்கத்தை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. அடிபட்டது அடங்கவில்லை, திருப்பி அடித்தது.

மூன்றாம் நாள் பிரித்துவிடவா என்று கேட்டேன். "பிரிச்சா ஜோடி உடைஞ்சிடும். அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது." இப்போதுதான் புரிகிறது. மீனின் உயிருக்கு அவர்கள் கொடுத்த உத்தரவாதம் மூன்று நாள்தான். பழகிடும், முட்டை போடும், பிரிக்காதே என்று சொல்லிச் சொல்லி அந்த மூன்று நாளைக் கடத்திவிட்டார்கள்.

நான்காம் நாள் யார் என்ன சொன்னாலும் சரி என்று, சின்னதைப் பிடித்துப் பிரிக்க வலையைப் போட்டேன். மரூனுக்குக் கன்னத்தில் முள் உண்டு. அது வலையில் மாட்டிக்கொண்டது. கத்தரிக்கோலால் வலையை வெட்டித்தான் விடுவிக்க முடிந்தது. தனித் தொட்டியில் விட்டும் ஐந்தாம் நாள் ராத்திரி போய்விட்டது. மனசு கேட்காமல் வயிற்றைக் கீறிப் பார்த்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சினை. ஆண் என்று சொல்லி விற்ற மீன் இது. சின்னதே பெண் என்றால் அதை அடித்துக் கொன்ற பெரியது என்ன, ஆணா?

அப்புறம்தான் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதிலிருந்த பெரிய மீனின் நடுப் பட்டை, இடப்பக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. என்னிடம் இருப்பதற்கு முதுகிலிருந்து வயிறு வரை முழுப் பட்டை. வேறு யார் தொட்டியில் எடுத்த வீடியோவோ!

சினைப் படத்தையும் இரண்டு பட்டைகளின் படத்தையும் அனுப்பினேன். "தண்ணி டெஸ்ட் பண்ணீங்களா?" என்று பதில் வந்தது. செய்து அனுப்பினேன். உப்பு, அம்மோனியா எல்லாம் சரியாக இருந்தன. "உங்க தொட்டி சின்னது." அளவு சொன்னேன். "உயிருள்ள பொருளுக்கு பணம் திருப்பித் தர மாட்டோம்." உத்தரவாதம் என்று எழுதியிருந்தீர்களே என்றேன். "அது மூணு நாள் சார், இது அஞ்சாம் நாள்." கடைசியாக, அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறாராம்! அரை மாதச் சம்பளத்தை விழுங்கியவருக்கு நான் இன்னொரு ஆர்டர் வேறு கொடுக்க வேண்டுமாம். அதற்கு நான் எழுதிய பதில் போய்ச் சேரவில்லை. என்னைத் தடை செய்துவிட்டார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். பொறுமை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் வாங்காதீர்கள். நீங்கள் கேட்ட பிறகு, இன்றைய தேதி எழுதிய சீட்டைத் தொட்டியில் ஒட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பட்டைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். சிறியது நடுங்கிக் காட்டுகிறதா என்று பாருங்கள். சண்டை கண்டால் யாரையும் கேட்காமல் பிரித்துவிடுங்கள். ஜோடிக்கென்று காசு கொடுப்பதைவிட, பெரியது ஒன்றும் குட்டி ஒன்றும் வாங்கி, அதே தொட்டிக்குள் ஓட்டை போட்ட பெட்டியில் குட்டியைச் சில நாள் வைத்துப் பழக்கிப் பாருங்கள். காலம் பிடிக்கும், ஆனால் அரை மாதச் சம்பளம் போகாது.

கடை பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். பணம் அனுப்பிய வங்கியில் இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வந்தால் இதிலேயே சேர்க்கிறேன். பெரியது இப்போது தனியாக இருக்கிறது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் அவர்கள் தயாராக இல்லை.