கொழும்பு முற்றத்துக்கு அப்பிளா, ஜம்புவா?

நானும் ஒருமுறை அப்பிள் விதையைச் சட்டியில் போட்டேன். முளைத்தது, முழங்கால் உயரம் வந்தது, மூன்று வருடமும் இலை மட்டும்தான். காய்த்திருந்தாலும் தாய்ப் பழத்தின் ருசி வந்திருக்காது. பழைய அப்பிள் இனங்கள் ஒட்டுக் கட்டித்தான் கைமாறி வந்திருக்கின்றன. இங்கிலாந்தின் சவுத்வெல்லில் 1809இல் ஒரு சிறுமி போட்ட விதையில் முளைத்ததுதான் பிராம்லி என்ற சமையல் அப்பிள். இன்றுள்ள பிராம்லி மரங்களெல்லாம் ஒட்டு வழியாக அந்த ஒற்றை மரத்திலிருந்து வந்தவை.

சரி, ஒட்டுக்கன்றே கிடைத்தால்? 7 பாகைக்குக் கீழான குளிர் பல நூறு மணிநேரம் பட்டால்தான் அதன் உறங்கும் மொட்டு விழிக்கும். வெள்ளவத்தையில் தை மாத விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இஸ்ரேலில் உருவான அன்னா இனத்துக்குச் சுமார் 300 மணிநேரம் போதும். நமக்கு அதற்கும் வழியில்லை. ஜாவாவின் மலாங் பக்கத்தில் அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிப் பூக்க வைக்கிறார்கள். ஆனால் அவை குளிரான மலைத் தோட்டங்கள்.

ஜம்புவுக்கு நம் வெக்கையும் மழையும்தான் சொந்த வீடு. அம்மம்மா வீட்டு மரத்தில் பென்சில் தடிப்புள்ள கிளையொன்றில் ஓர் அங்குலப் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தும்புத்தூள் வைத்துப் பொலித்தீனால் கட்டினோம். இரண்டு மாதத்தில் வேர், வெட்டி நட்ட மூன்றாம் வருடம் பழம். அதே நிறம், அதே இனிப்பு. பரம்பரை மரம் என்றால் எனக்கு இதுதான்.

சமையலறையில் மட்டும் அப்பிள்தான் முந்தும். பிராம்லியின் புளிப்பு அடுப்பில் அழகாகக் குழையும், பெக்டின் இருப்பதால் ஜாம் இறுகும். ஜம்புவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பறித்த அன்றே உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்றுவிட வேண்டும். ஜாம் ஆசைக்கு விளாம்பழம் வாங்குங்கள். அதிலும் பெக்டின் தாராளம். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கரைத்தால் அந்த மணத்துக்கு எந்த அப்பிளும் கிட்ட வராது. விளா மரம் மட்டும் முற்றத்துக்கு வேண்டாம், அது வறண்ட நிலத்துக்காரன். விதையிலிருந்து காய்க்கப் பத்துப் பதினைந்து வருடமும் எடுக்கும்.

ஆக, ஒரே குழிக்குத்தான் இடமென்றால் ஜம்பு. வைகாசி மழைக்கு முன் குழியை வெட்டி வையுங்கள், கூரைக்கு மேலே போகாமல் கவாத்துப் பண்ணுங்கள். பழ ஈ கட்டாயம் தேடி வரும். பிஞ்சிலேயே துணிப்பை கட்டிவிடுங்கள்.