1998ஆம் ஆண்டு கிரைண்டருக்கு இன்றும் பாகம் தரும் ஆவாரம்பாளையத்துப் பட்டறை

என் திருமணச் சீரில் 1998இல் வந்த டில்டிங் கிரைண்டர், கடந்த மாதம் ஒரு காலையில் உளுந்து போட்டு சுவிட்சை அழுத்தியதும் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. எங்கள் ஊரில் பழுதுபார்ப்பவர் மோட்டாரின் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றி, முழுவதும் ரீவைண்டிங் செய்தாக வேண்டும் என்றார். அந்தச் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எதற்கும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று, அதைச் செய்த கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்துப் பட்டறைக்கே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால், பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை.

எழுபது வயதைக் கடந்த அந்தப் பெரியவர் முதலில் பெல்ட்டைக் கழற்றினார். மோட்டாரின் தண்டை இரண்டு விரலால் சுழற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலீங்க அம்மிணி, கெபாசிட்டர்தான் போயிருக்குது" என்றார். மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் அந்தக் கெபாசிட்டரை மாற்றியதும் அது ஓடியது. அத்துடன் அனுப்பியிருக்கலாம், அவர் விடவில்லை. வெறும் டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டு, தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய நெய் டின்னை எடுத்து, அதே அளவுள்ள புஷ்ஷைத் தேடிப் போட்டார். வழுவழுப்பாகிவிட்ட கல்லைக் கொத்திக் கொடுத்ததையும் சேர்த்து 420 ரூபாய் ஆயிற்று.

கிரைண்டர் என்ற பொருளே 1955இல் பி. சபாபதி என்பவரால் இந்த ஊரில்தான் உருவாக்கப்பட்டது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வார்ப்புப் பட்டறையும் மோட்டார் செய்யும் கையும் அடுத்தடுத்த தெருவில் கிடைக்கிற இந்த ஊரில் கிரைண்டர் செய்யத் தொடங்குவது அரிதல்ல, நிலைத்து நிற்பதுதான் அரிது. என் நாத்தனார் பத்து ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய வேறொரு நிறுவனத்தின் கிரைண்டர் நான்காம் ஆண்டிலேயே உடைந்தபோது, அந்த மாடலை நிறுத்திவிட்டோம், பாகம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு மாடல் இறக்கினால் விற்பனைக் கணக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் உறவில் ஒருவர்கூட அந்தப் பெயரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தப் பட்டறையிலோ இத்தனை ஆண்டுகளில் மொத்தமே மூன்று அளவுகள்தான். தண்டின் விட்டமும் புஷ்ஷின் அளவும் இன்றுவரை மாறவில்லை. ஆகவே பழைய கிரைண்டருக்கென்று தனியாகப் பாகம் தேக்கி வைக்க வேண்டிய சுமை அவருக்கு இல்லை என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அவருடைய பேரேட்டைப் புரட்டியபோது 1998ஆம் ஆண்டுப் பக்கத்தில் கிரைண்டரின் எண்ணும், என் அப்பாவின் பெயரும், "பெண்ணுக்குச் சீர்" என்ற குறிப்பும் இருந்தன. கொங்கு நாட்டில் ஒரு கல்யாணச் சீர் நன்றாக உழைத்தால் அடுத்த கல்யாணத்துக்கும் அதே இடத்துக்குத்தான் போவார்கள். என் மகளுக்கும் அங்கேயே ஒன்று சொல்லிவிட்டு வந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. வெளியூருக்குப் பார்சலில் அனுப்ப மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருப்பது தவறென்றே நினைக்கிறேன். அதைவிடப் பெரிய குறை, எந்தச் சத்தத்துக்கு எந்தக் கோளாறு என்ற அறிவெல்லாம் அவருடைய காதிலேயே தங்கியிருப்பது; பேரேட்டில் விற்பனை இருக்கிறதே தவிர வேலை முறை இல்லை. இதே கோயம்புத்தூரில் 1960இல் தொடங்கிய காற்றை அழுத்தித் தரும் கம்பிரசர்களைச் செய்கிற எல்ஜி (ELGi) நிறுவனம், தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 2019இல் பெற்றது. வேலையை முறைப்படுத்தி எழுதிவைத்து, எல்லோரையும் அதில் பழக்கி, ஆண்டுதோறும் திருத்திக்கொண்டே போகிற நிறுவனத்துக்குத்தான் அந்தப் பரிசு கிடைக்கும். அளவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டென்றாலும், அடுத்த தலைமுறைக்குக் கைமாற வேண்டிய பட்டறைக்கு இந்த ஒன்று அவசியம். அவருடைய மகளை ஓராண்டாக ரீவைண்டிங் மேசையில்தான் உட்கார வைத்திருக்கிறாராம். அலுவலக நாற்காலி அதற்குப் பிறகுதான் என்றார். ஒரு நோட்டையும் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கலாம்.

இந்தப் பட்டறையின் கிரைண்டரை ஏற்கெனவே வைத்திருந்து பழுதுக்குக் கொண்டுபோகிறவர்கள் காலை பதினொரு மணிக்குள் போய்விடுவது நல்லது, மதியத்துக்குமேல் அவர் வார்ப்புப் பட்டறைக்குப் போய்விடுகிறார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் கல்லைத் தூக்க இன்னொரு ஆளையும் அழைத்துச் செல்லுங்கள். ஞாயிறு விடுமுறை.