பஞ்சா, துணியா, சுண்ணாம்பா? வன்னி வீட்டுச் சுவருக்கு எது பொருந்தும்?

கிளிநொச்சிப் பக்கம் வீடு திருத்துகிறவர்கள் ஹோலில் ஒரு சுவரையாவது வேலைப்பாடாகக் காட்ட விரும்புகிறார்கள். நல்ல விருப்பம். ஆனால் படத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் சுவரைத் தொட்டுப் பாருங்கள். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் 28 நாளாவது ஆறவிடுங்கள். அதற்குமுன் பெயின்ற் பூசினால் உப்புப் பூக்கலாம்.

வேலைப்பாடாகப் பெயின்ற் பூசும் முறைகளில் உண்மையான போட்டி பஞ்சுக்கும் துணிக்கும்தான். இரண்டுக்கும் அடிநிறம் பூசிக் காயவிட வேண்டும். பஞ்சு முறையில் இரண்டாம் நிறத்தை ஸ்பொஞ்சால் ஒற்றி ஏற்றுகிறோம். துணி முறையில், மேலே பூசிய மெல்லிய பெயின்ற் கலவை ஈரமாக இருக்கும்போதே சுருட்டிய துணியை அதன்மேல் உருட்டிச் செல்கிறோம். துணியின் அழகு தனி. கசங்கிய பட்டுப் போலச் சுவர் மின்னும். ஆனால் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், ஒரு பக்கம் உருட்டி மறுபக்கம் போவதற்குள் கலவை காய்ந்துவிடுகிறது. காய்ந்த ஓரத்தின்மேல் மறுபடி கலவை ஏறிய இடம் பட்டையாகத் தெரியும். எங்கள் ஹோல் சுவரை முழுதாகத் திரும்பப் பூச நேர்ந்தது இதனால்தான். துணிதான் வேண்டுமென்றால் காலையிலேயே, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒருவர் பூச மற்றவர் பின்னாலேயே உருட்ட வேண்டும்.

பஞ்சு அவ்வளவு அவசரப்படுத்தாது. அதன் நேரான ஓரங்களைப் பிய்த்துவிட்டு, பெயின்றை முதலில் பழைய தாளில் ஒற்றிக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சதுரம் சதுரமாகப் பதியும். மிஞ்சிய பெயின்றில் ஒரு போத்தல் எடுத்து வையுங்கள். பிள்ளைகள் கீறிய இடத்தில் பிறகு ஒற்றினால் ஒட்டுத் தெரியாது. துணி முறையில் இது நடக்காது.

மாரியில் அடிச்சுவர் கசிகிற வீட்டுக்கு இரண்டும் வேண்டாம். பெயின்ற் படலம் ஈரத்தை அடைத்துக் கொப்புளிக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், பூஞ்சணத்தையும் எளிதில் அண்டவிடாது. காவி கலந்து, தண்ணீராகக் கரைத்து, குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு தரம் பூசினால் மேகம் படிந்தது போன்ற நிறம் வரும். உடுப்பில் ஒட்டும் என்பது மெய்தான். பழைய பெயின்றைச் சுரண்டாமல் பூசினால் உதிர்ந்துவிடும்.

அச்சுத்தகடு வைத்துப் பூப்போடுவது சாமியறைக்குப் போதும். சொரசொரப்பான கோலப்பூச்சைக் கிரவல் வீதியோர வீடுகளுக்கு நான் சொல்லவே மாட்டேன். செம்புழுதி குழிகளில் படிந்தால் துடைத்து எடுக்க முடியாது.

எங்கள் ஹோலில் இப்போது சந்தன நிறத்தின்மேல் பஞ்சால் ஒற்றிய காவி இருக்கிறது. குசினியை ஒட்டிய ஈரச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டோம்.