இருபது நிமிடத்தில் கூலன்ட் மாற்றித் தருகிறார்களா? ஏமாறாதீர்கள்

சென்ற மாதம் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கசிகிறது என்று, கோவையில் வீட்டுக்கு அருகில் இருக்கும் ஒரு பட்டறையில் என் டீசல் காரை விட்டேன். ஹோஸை மாற்றி, என்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான பழைய கூலன்டை இறக்கிவிட்டுப் புதிது நிரப்பியதாகச் சொன்னார்கள். நான் தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. இருபதே நிமிடம். சுறுசுறுப்பான பையன்கள் என்று பாராட்டிவிட்டு வேறு வந்தேன். ரசீதில் ஐந்து லிட்டர் கூலன்ட். அதற்குக் கீழே, நிரப்பும்போது குழாய்களில் சிக்கும் காற்றை வெளியேற்றியதற்காக ‘காற்று எடுத்த கூலி 300 ரூபாய்’.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ வாய் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். பானெட்டைத் திறந்தால் கூலன்ட் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. போன் செய்தேன். “மாற்றிய புதிதில் அப்படித்தான் சார் இருக்கும், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்” என்றார் உரிமையாளர். ஊற்றினேன். அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

ஞாயிறன்று குடும்பத்தோடு வால்பாறை. ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் எல்லோரும் அணையின் அழகைப் பார்க்க வண்டியை நிறுத்துவார்கள். நான் நீராவியோடு நிறுத்தினேன். அதுவரை பாதியில் சாதுவாக நின்ற வெப்பமானி முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போயிருந்தது. கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டிய சென்சார் காற்றுக் குமிழுக்குள் இருந்தால் உண்மையான சூட்டைச் சொல்லாது என்பது எனக்கு அப்போது தெரியாது. உதவிக்கு வந்த ஒருவர் மூடியைத் திறக்கக் கை வைத்தார். நல்ல வேளை, தடுத்துவிட்டேன். கொதிநிலையில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

வண்டியைப் பொள்ளாச்சிக்கு இழுத்து வந்தோம். என்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் ஹெட் காஸ்கெட் போய்விட்டது. அலுமினிய ஹெட்டும் வளைந்திருந்தது. கடைசல் பட்டறைக்கு அனுப்பிச் சமன் செய்து மாட்டியதில் 23,000 ரூபாய் செலவு.

அங்கிருந்த மெக்கானிக் கூலன்ட் நிரப்பியதை அருகில் நின்று பார்த்தேன். பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த நீர். காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் ஒரே சீராக ஒழுகும்வரை மெதுவாக ஊற்றினார். திருகை இறுக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓடவிட்டார். ஹோஸ்களை அவ்வப்போது பிசைந்துகொண்டே இருந்தார். கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 88 டிகிரியில்தான் திறக்குமாம். டீசல் என்ஜின் நின்ற இடத்தில் ஓடினால் அந்தச் சூட்டுக்கு வர வெகு நேரமாகும். கீழ் ஹோஸும் சூடாகி, ரேடியேட்டர் மின்விசிறி இரண்டு முறை ஓடி நின்று, ஹீட்டரில் அனல் காற்று அடித்த பிறகே என்ஜினை அணைத்தார். முழுக்க ஆறவிட்டு மறுபடியும் அளவு பார்த்து ஊற்றினார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இதைத்தான் எனக்கு இருபது நிமிடத்தில் முடித்துத் தந்தார்கள். கோவை வெயிலில் ஹீட்டரை யார் போட்டுப் பார்க்கிறார்கள்? போட்டிருந்தால், உள்ளே சிக்கிய காற்றால் சூடான கூலன்ட் ஹீட்டருக்கு எட்டாமல், குளிர்ந்த காற்று வந்து அன்றே குட்டு உடைந்திருக்கும்.

ரசீதோடு பழைய பட்டறைக்குப் போனேன். “மலையில் ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருப்பீர்கள்” என்றார் உரிமையாளர். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் கல்லாவைத் திறந்து, காற்று எடுத்த கூலி 300 ரூபாயை மட்டும் எடுத்து நீட்டினார்.