சுவரில் நீர்விடும் நாயா, ஆண்பிள்ளையா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஆயா பழைய தமிழ் வேதாகமத்தை விரிப்பார். பேரப்பிள்ளைகள் கையில் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு. 1 சாமுவேல் 25:22 வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நாபால் என்ற செல்வந்தன் அவமதித்த கோபத்தில், அவன் வீட்டாரை அழிப்பதாகத் தாவீது சபதம் போடுகிறான். தமிழில் சுவரில் நீர்விடும் ஒரு நாய்கூட மிஞ்சாது. புதிய ஆங்கிலத்தில் ஓர் ஆண்கூட மிஞ்சாது. பிள்ளைகள் சிரிப்பை அடக்குவார்கள், ஆயா முறைப்பார்.

எபிரெய மூலத்தில் நாயே கிடையாது. 'சுவரில் சிறுநீர் கழிப்பவன்' என்றுதான் இருக்கிறது. ஆண்களைக் குறிக்கும் கொச்சைப் பேச்சு. ராஜாக்களின் புத்தகங்களையும் சேர்த்து 6 இடங்களில் வருகிறது. எல்லாமே ஒரு வீட்டாரைப் பூண்டோடு அழிக்கும் பேச்சில்தான். 1611-இன் ஆங்கிலப் பதிப்பு கூசாமல் அப்படியே வைத்தது.

புதியது பொருளைச் சரியாகத் தருகிறது. ஆனால் வாள் கட்டிய 400 பேரோடு கிளம்பியவனின் வாய் அதில் இல்லை. ஏதோ மக்கள்தொகைக் கணக்கு வாசிப்பதுபோல இருக்கிறது. தமிழ், நாயைக் கொண்டுவந்து பொருளைத் திருப்பிவிட்டது (அந்த நாய் என்ன பாவம் செய்ததோ!), காரத்தை மட்டும் விடவில்லை.

ஓய்வுநாள் பள்ளிக்குப் புதியதைத்தான் எடுத்துப்போவேன். நாபாலின் மனைவி அபிகாயில் ஏன் அப்பமும் திராட்சரசமும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு, தாவீதைச் சமாதானப்படுத்த அவ்வளவு அவசரமாக ஓடினாள் என்பது புரிய, ஆயாவின் புத்தகம்.